வெயிலில் விரித்த நாற்பது துணிகள்

அன்று மிஷன் ஆஸ்பத்திரி வளாகத்தில் இருந்தவர்கள் இவர்கள். சிஸ்டர் மார்கரெட். கம்பவுண்டர் அந்தோணி, பல்லடத்துக்காரர். தையல் வகுப்புப் பெண்கள் மூன்று பேர், அதில் ஒருத்தி அகதா. கேட்காரர் ஒக்கோரோ. வார்டில் முப்பது குழந்தைகள், ஒன்பது தாய்மார்கள். அப்புறம் நான், திருப்பூர் ஆரோக்கியம், தையல் மாஸ்டர். மொத்தம் நாற்பத்தாறு உயிர். ஃபாதர் பால்மாவு வாங்கப் போயிருந்தார்.

வியாழக்கிழமை. காலை பத்தே கால்.

ஒக்கோரோ தண்டவாளத் துண்டை அடிக்கிறார். ணங். ணங். ணங். மூன்று அடி என்றால் விமானம். நான் பதுங்கு குழிக்குள் விழுகிறேன். குழியில் முழங்கால் அளவு மழைத்தண்ணீர். வாயில் சேறு. சத்தம் முதலில் வண்டு மாதிரி. அப்புறம் தகரக் கூரையை யாரோ தரதரவென்று இழுப்பது மாதிரி. அப்புறம் டப டப டப டப. புல் பிய்ந்து தலைமேல் விழுகிறது.

விமானம் தாண்டிப் போகிறது. திரும்பி வரும். எப்போதும் திரும்பி வரும்.

"மாஸ்டருங்க! துணியெல்லாம் வெளியில கெடக்குது! எடுங்க! துணியை எடுங்க!"

அது அந்தோணியின் குரல்.

கிழக்கு நைஜீரியா. 1968. அங்கே உள்நாட்டுச் சண்டை. திருப்பூர்க்காரனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எங்கள் கோவிலில் இருந்த வெள்ளைக்காரச் சாமியார் அந்த நாட்டுக்கு மாற்றலாகிப் போனார். பெண்களுக்குத் தையல் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று எழுதினார். வேண்டுதல் ஒன்று பாக்கி இருந்தது. போனேன். எனக்கு ஒரு வருடம் முன்னாலேயே அந்தோணி போயிருந்தார். என்னைவிட மூன்று வயது சின்னவர். ஊரில் சம்சாரம், ஒரு பெண் குழந்தை.

காலை ஆறுக்குப் பூசை. ஏழுக்குக் கஞ்சி. எட்டுக்கு வார்டு. மாலையில் நாங்கள் இரண்டு பேரும் தமிழில் ஜெபமாலை சொல்வோம். அகதா கேட்டுக்கேட்டு 'ஆமென்' மட்டும் எங்களோடு சேர்ந்து சொல்வாள். மரவள்ளி மாவைக் கிண்டித் தருவார்கள். எனக்கு இறங்காது.

"கண்ணை மூடிக்கிட்டு முழுங்குங்க மாஸ்டருங்க. நம்மூரு களின்னு நெனச்சுக்குங்க. கொழம்பு நாளைக்கு வருது, கப்பல்ல" என்பார் அந்தோணி.

நான் பயந்தவன். கதவைச் சாத்தினால் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். அந்தோணி சிரிப்பார். "குண்டு போடறவன் கதவைத் தட்டிட்டா வரப்போறானுங்க?"

சண்டை நெருங்கியதும் சிஸ்டர் ஒரு சட்டம் போட்டார். காலை எட்டு மணிக்கு மேல் வெள்ளையாக எதுவும் வெளியில் இருக்கக் கூடாது. மேலே இருந்து பார்க்கிறவனுக்கு வெள்ளைதான் முதலில் தெரியுமாம். தன் வெள்ளை உடுப்பையே சாயத்தில் முக்கிச் சாம்பல் நிறமாக்கிக்கொண்டார். கோவில் சுவருக்குச் சேறு பூசினோம். ஜீப்பின் மேல் பனையோலை கட்டினோம். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

குழந்தைகளுக்குச் சோறில்லாமல் கால் வீங்கித் தோல் வெடித்திருந்தது. புண்ணுக்குக் கட்டத் துணி கிடையாது. பழைய காடாத் துணியைக் கிழித்து, சோடா போட்டு அவித்து, நான்தான் வெளுத்துக் கொடுத்தேன். வேறு யாருக்கும் அந்தப் பக்குவம் வராது. நான்கு நாள் விடாத மழை. கொட்டகையில் காய்ந்த துணி பூசணம் பிடித்து நாறியது. அதைக் கட்டிய புண்ணில் சீழ் வைத்தது. ஐந்தாம் நாள், அந்த வியாழக்கிழமை, வெயில் வந்தது. ஒன்பது மணிக்கு.

நொய்யல் கரையில் என் அப்பா துணி வெளுத்தவர். அவித்த துணியைத் தரையில் விரிக்க வேண்டும். விளிம்போடு விளிம்பு சேர்த்து, வரிசையாக. லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். வெயில் குடித்தால்தான் துணி வெளுக்கும், கிருமியும் சாகும். கொடியில் போட்டால் அந்த வெளுப்பு வராது. என் கை தன்னாலே அந்த வேலையைச் செய்தது. நாற்பது துண்டு. எட்டு எட்டாக ஐந்து வரிசை. நூல் பிடித்த மாதிரி. அரை மணியில் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் காயட்டும் என்று விட்டேன். மேலே இருந்து பார்த்தால் அது பட்டாளத்துக் கூடாரம் மாதிரி இருந்திருக்கும். இது அப்புறம் யோசித்தது. அப்போது யோசிக்கவில்லை.

விமானம் திரும்பி வருவதற்குள் மூன்று அருள்நிறைந்த மந்திரம், மாதா ஜெபம், சொல்லும் நேரம் இருந்தது. எனக்குத் தெரியும். சொல்லிக்கொண்டிருந்தேன். குழியின் விளிம்புக்கு மேலே அந்தோணி ஓடுவது தெரிகிறது. குனிகிறார். அள்ளுகிறார். அகதாவும் பின்னால் ஓடுகிறாள். ஒக்கோரோவும். மூன்று பேர் போதாது. நாலு பேர் இருந்தால் முடியும்.

"மாஸ்டருங்க! வாங்க!"

நான் எழவில்லை. கால் இருந்தது. அடிபடவில்லை. எழவில்லை. மூன்றாவது மந்திரத்தில் 'இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்' என்று வரும் இடத்தில், 'இப்பொழுதும்' என்ற சொல்லில் இருந்தேன்.

இரண்டு குண்டு. முதலாவது புல்வெளியில். இரண்டாவது வார்டின் வடக்கு மூலையில். சத்தம் கேட்கவில்லை. காது அடைத்துவிட்டது. தூசியும் புகையும் மட்டும். வெகுநேரம் கழித்து, எங்கோ தூரத்தில் போல, ஒரு குழந்தை அழுவது கேட்டது.

அந்தோணியை மதியம் இரண்டு மணிக்குப் புதைத்தோம். அள்ளிய துணி அவர் கையை விட்டு வரவில்லை. சிஸ்டர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அடுத்த மாதம் நிவாரண விமானத்தில் என்னை அனுப்பி வைத்தார்கள். ஊருக்கு வந்தேன். காதர்பேட்டையில் ஒரு ராவுத்தர் கம்பெனியில் வேலை. முதல் நாளே சொல்லிவிட்டேன், வெள்ளைப் பீஸ் எனக்கு வேண்டாங்க, கலர் கொடுங்க என்று. முதலாளி ஒரு மாதிரி பார்த்தார். "பனியன் கம்பெனிக்கு வந்துட்டு வெள்ளை வேண்டாங்கறீங்களே மாஸ்டர்" என்று சிரித்தார். ஆனாலும் கலர் கொடுத்தார்.

வந்த வாரமே பல்லடம் போனேன். அந்தோணியின் சம்சாரம் லூர்து வாசலிலேயே கேட்டாள். "எப்படிப் போனாருங்க? நெசத்தைச் சொல்லுங்க."

"கோயில்ல முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிட்டிருந்தாருங்க. வலி தெரிஞ்சிருக்காதுங்க."

ஜெபித்துக்கொண்டிருந்தது நான். என் ஜெபத்தை எடுத்து அவர் மேல் போட்டேன். அவருடைய ஓட்டத்தை மறைத்துவிட்டேன். துணி விரித்ததைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். புண்ணுக்காகச் செய்தது, கலங்க வேண்டாம் என்றார் சாமியார். எழாமல் கிடந்ததை அவரிடமும் சொல்லவில்லை.

ஏழு வருடம் போனது. 1975-இல் லூர்து மகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். பிலோமினா. பதினெட்டு வயது. கன்னியர் மடத்தில் சேரப்போகிறாளாம், வெளிநாட்டு மிஷனுக்கு. ஆசீர்வாதம் வாங்க வந்திருக்கிறாள்.

"எங்கப்பா பீடத்து முன்னால ஜெபத்துலயே உயிரை விட்டாரில்லீங்க பெரியப்பா. அதை நெனச்சுத்தான் போறேனுங்க."

ஒரு பெண் தன் ஆயுசு முழுவதையும் என் பொய்யின் மேல் வைக்கப் பார்க்கிறாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை. சொன்னேன். துணி. வரிசை. குழி. மூன்று மந்திரம். எல்லாம்.

லூர்து சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். இன்றுவரை என்னோடு பேசியதில்லை. அந்தப் பெண் அழவில்லை.

"அப்பா ஓடுனாருங்களா?"

"ஓடுனாரு கண்ணு."

"நீங்க ஏனுங்க எந்திரிக்கல?"

தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினேன்.

செம்பை வாங்கி ஓரமாக வைத்தாள். அப்புறம் சொன்னாள். "நான் போறதுதான் போறேனுங்க. ஆனா ஜெபத்துல செத்தவரோட பொண்ணா போகல. எழுதிக் குடுங்க பெரியப்பா. எங்கப்பா பேரு மட்டும் பத்தாது. அன்னிக்குச் செத்தவங்க எல்லாரோட பேரும் வேணுங்க."

அதற்காகத்தான் எழுதினேன். எழுத்துப்பிழை இருக்கும். விவரத்தில் பிழை இல்லை.

தையல் மெஷின் நான்கில் இரண்டு போனது. வார்டின் பாதிக் கூரை போனது. என் இடது காது போனது.

செத்தவர்கள் பதினொரு பேர். அந்தோணி. அகதா. ஒக்கோரோ. தாய்மாரில் இரண்டு பேர், தெரேசா, மேரி. குழந்தைகள் ஆறு. எமெக்கா, நான்கு வயது. ஜோசபின், ஆறு வயது. சிடி, இரண்டு வயது.

மற்ற மூன்று குழந்தைகளுக்குப் பெயர் இல்லை. அன்று காலை எட்டரைக்குத்தான் வந்தார்கள், தாய் தகப்பன் இல்லாமல். இரண்டு பையன்கள், ஒரு பெண். புதிதாக வருகிறவர்களிடம் பெயர் கேட்டு நோட்டில் எழுதுவது என் வேலை. துணியை விரித்துவிட்டு வந்து எழுதலாம் என்று இருந்தேன்.