சூரியப் பாயைச் சாய்த்தவன்

தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பாகக் கிடைக்குமா, சார்? குளிர்ந்த தண்ணீர் எனக்கு ஆகாது, வாக்குமூலம் வேறு நீளமாக இருக்கும். நன்றி.

அலுவலகத்தில் எனக்குப் ‘பத்திரம்’ என்று பெயர். யார் கிளம்பினாலும் ‘பத்திரம்’ என்று சொல்லி அனுப்புவேன், அதனால் வந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். இவருக்கு வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாது என்று என் மாமியாரே சொல்வார். நல்ல பெயர் வாங்க இதைச் சொல்லவில்லை. நான் பயந்தவன் என்பது உங்களுக்குப் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

என் வேலை ஒரு விண்கலத்தை நிற்க வைப்பது. மற்றக் கலங்கள் பூமியைச் சுற்றும். இது சுற்றாது. துருவத்துக்கு நேர் மேலே, நிலாவைப் போல ஐந்து மடங்கு தொலைவில், அப்படியே நிற்கும். இயற்கையாக அங்கே எதுவும் நிற்காது, பூமி இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் இரண்டு கை கொடுத்துத் தாங்குகிறோம். ஒரு கை சூரியப் பாய். விளையாட்டு மைதானம் அளவுக்கு விரிந்த, வெங்காயச் சருகைவிட மெல்லிய பளபளப்பான தாள். அதை வெயில் தள்ளும். இன்னொரு கை மின் இன்ஜின். உள்ளங்கையில் ஒரு காகிதத்தை வைத்தால் என்ன கனம் தெரியுமோ அவ்வளவுதான் அதன் உந்தல், ஆனால் ஓயாமல் உந்தும். பாய் மட்டும் போதாது. இன்ஜினை மட்டும் நம்பினால் எரிபொருள் சீக்கிரம் தீர்ந்துவிடும். இரண்டும் சேர்ந்தால் வருஷக்கணக்கில் நிற்கும். பாயை எவ்வளவு சாய்ப்பது, இன்ஜினை எவ்வளவு ஓட்டுவது என்று கணக்குப் போட்டுக் கட்டளை அனுப்புவது நான்.

துருவ முகாமில் குளிர்காலம் முழுக்க ஒன்பது பேர். வெளியுலகத்தோடு அவர்கள் பேச வேண்டுமென்றால் அந்தக் கலம் வழியாகத்தான். என் மனைவி அங்கே ஜெனரேட்டர் மெக்கானிக்.

ஞாயிறுதோறும் பேசுவோம். கலம் அவ்வளவு தூரத்தில் இருப்பதால் நான் ஒன்று கேட்டால் பதில் வந்துசேர அரை நிமிடம் ஆகும். ‘சாப்பிட்டியா?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பது பெரிதில்லை. ‘என்ன ஆச்சு?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருந்து பாருங்கள்.

அன்று பேச்சு முடிகிற நேரத்தில் அவள் சொன்னாள்: “உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும். இப்ப வேணாம், பக்கத்துல ஆளுங்க இருக்காங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை தனியாப் பேசுறேன்.”

“என்ன விஷயம்? இப்பவே சொல்லேன்.”

அந்த அரை நிமிடத்தில் என் சட்டை நனைந்துவிட்டது.

“அதெல்லாம் அப்புறம். நீங்க பயப்படாதீங்க.”

பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே வரும். அவள் என்னை விட்டுப் போகப்போகிறாள் என்று தெரிந்துவிட்டது. தனியாகச் சொல்ல வேறென்ன இருக்கிறது? முகாம் சமையல்காரர் நன்றாகப் பாடுவார் என்று அதற்கு முன்பே இரண்டு தடவை சொல்லியிருந்தாள். வாசலில் கிடந்த அவளுடைய செருப்பை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினேன். அவள்மேல் எனக்குக் கோபமே இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்தால் போதும். சொல்லாதவரை நாங்கள் கணவன் மனைவிதானே.

மறுநாள் மேலாளரிடம் போனேன். இன்ஜின் சூடாகிறது, கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாம் என்றேன். கலம் நழுவாதா என்று கேட்டார். பாயை வைத்துச் சமாளிக்கலாம் என்றேன்.

“பத்திரமே சொல்றாருன்னா அப்புறம் என்ன? நிறுத்திடுங்க.”

இன்ஜின் சூடாகவில்லை. பாயை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஒரு கையை எடுத்தால் கலம் மெல்ல இறங்கி ஒரு பக்கமாக நழுவும். ஞாயிற்றுக்கிழமைக்குள் முகாமின் ஆன்டெனா பார்க்கும் திசையை விட்டு விலகிவிடும். திரும்ப ஏறி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு மாதம்தான் எனக்கு வேண்டியிருந்தது. ஒருத்தி மனசு மாற அது போதாதா?

ஞாயிற்றுக்கிழமை தொடர்பு கிடைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, காலைப் பணியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முகாமில் ஆன்டெனாவைக் கையால் திருப்பிக் கலத்தைத் தேடியிருக்க வேண்டும், இரைச்சலுக்குள் ஒரு குரல் வந்தது. “கேக்குதா... நான்தான்... பேசணும்...” என்றது. அவள் குரல். அது நடுங்கியது. பிரிவைச் சொல்ல வருகிறவள் குரல் நடுங்கத்தானே செய்யும்? பக்கத்து இருக்கைக்காரர் தேநீர் வாங்கப் போயிருந்தார். பாயை இன்னும் கொஞ்சம் சாய்க்கச் சொல்லிக் கட்டளை அனுப்பினேன். இன்னும் வேகமாக நழுவட்டும் என்றுதான்.

அவர் திரும்பி வந்து, “ஏதாவது வந்துச்சா?” என்றார்.

“வெறும் இரைச்சல்தான்,” என்றேன்.

உடனே சொல்லியிருந்தால் இரண்டே நாளில் விமானம் போய்ச் சேர்ந்திருக்கும் என்கிறீர்கள். போயிருக்கும். விமானி தயாராகத்தான் இருந்தார். தொடர்புதான் இல்லை, முகாமில் எல்லாம் நலமாகவே இருக்கும் என்று நான்தான் எல்லோருக்கும் தைரியம் சொன்னேன். மூன்றாவது வாரம் மேலாளருக்கு மனசு கேட்காமல் விமானத்தை அனுப்பினார். எட்டுப் பேர் ஒரே அறையில், இருக்கிற போர்வையெல்லாம் போர்த்திக்கொண்டு, ஒருவரையொருவர் அணைத்தபடி உறைந்துபோயிருந்தார்கள். அந்தச் சமையல்காரரும்தான். என் மனைவி மட்டும் மூச்சோடு கிடந்தாள்.

ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். அன்று அவள் ‘பேசணும்’ என்றதோடு நிறுத்தவில்லை. ‘ஜெனரேட்டர் நின்னுபோச்சு, பேட்டரியிலதான் பேசுறேன், குளிருது’ என்றும் சொன்னாள். தெளிவாகவே கேட்டது. அது கேட்ட பிறகுதான் பாயைச் சாய்த்தேன். என்னைப் பேச வைப்பதற்கு அவள் ஏதாவது காரணம் சொல்லத்தானே வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் தனியாகச் சொல்ல நினைத்ததே அந்த ஜெனரேட்டர் பற்றித்தான் என்று நீங்கள் சொல்கிறீர்கள். அது பழுதாகி இருந்தது, முகாம் தலைவர் மறைத்தார், நான் மேலிடத்தில் சொல்ல வேண்டும் என்று கேட்கவிருந்தாளாம். நீங்கள் அவளை நம்புகிறீர்கள். எனக்கு அவளைத் தெரியும், சார். என் மனசு நோகக் கூடாது என்று இப்போது அப்படிச் சொல்கிறாள்.

வெளியே நடைபாதையில் சக்கர நாற்காலியில் காத்திருக்கிறாள் என்றீர்கள். என்னோடு பேச வேண்டுமாம். நான் இன்னும் வாக்குமூலம் கொடுத்து முடிக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். எட்டுப் பேரைக் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், எத்தனை தடவை கேட்டாலும் முதலிலிருந்து சொல்கிறேன். அவளை மட்டும் உள்ளே விட்டுவிடாதீர்கள்.