ஒரே மரம், ரெண்டு முதுகு

– என்னங்க, செக்கு மாடு மாதிரி எத்தனை சுத்து? கண்காட்சி நடுவுல பத்தடி உசரத்துக்கு ரெண்டு மரச்சிலை நிக்குது, இன்னுமா அடையாளம் தெரியல? ஒண்ணு நீங்க, ஒண்ணு இதைச் செதுக்கின நம்ம பொண்ணு.

– தெரியுதுடி. ரெண்டும் முதுகுக்கு முதுகு காட்டிக்கிட்டு நிக்குதே, அதைத்தான் பார்க்கறேன்.

– பின்னே? "மரம் அறுக்கிறவன் வீட்டுல பொறந்துட்டு பொம்மை செதுக்கறியா? இனி என் மூஞ்சில முழிக்காதே"ன்னு விரட்டினது யாரு? சொன்ன பேச்சு கேக்க மாட்டாள்னு சொல்வீங்களே, அந்த ஒரு பேச்சை மட்டும் ஒன்பது வருஷம் கேட்டா.

– போதும்டி.

– அவ ஆஸ்பத்திரியில கிடந்தப்ப வந்தீங்களா? போன மாசம் எல்லாம் முடிஞ்சு தூக்கற அன்னிக்கு வந்து நின்னீங்க.

– மன்னிச்சாளா இல்லையான்னு பார்க்கத்தான் இங்க வந்தேன். பார்த்தாச்சு. வா, போலாம்.

– இருங்க. நான் இன்னும் கொஞ்சம் அவ மூஞ்சியைப் பார்த்துக்கறேன். மூக்கைப் பாருங்க, உங்க கோண மூக்கு அப்படியே.

– ஏய், இந்தக் கணுவைப் பாருடி! பாதி அவ நெஞ்சுல. மீதிப் பாதி... இரு... இந்தா, என் நெஞ்சுல. ஒரே மரம்டி! நடுவுல அறுத்து ரெண்டாக்கியிருக்கா.

– அதனால?

– பட்டைப்பக்கம் ரெண்டும் உள்ள ஒட்டி நிக்குது, வைரம் பாஞ்ச நடுமரம் வெளிய பார்க்குது. எந்த மரம் அப்படி வளர்ந்துச்சு? முகத்துக்கு முகம் நிக்கத்தான் இதைச் செதுக்கியிருக்கா. எவனோ மாத்தி வச்சுத் தொலைச்சிருக்கான். ஏம்மா, காவலுக்கு இருக்கிற பொண்ணு, இங்க வா!

– ஐயா, தொடாதீங்க. சத்தமும் போடாதீங்க.

– தொடுவேன். முப்பது வருஷமா மரம் அறுக்கறேன். எவன் இதைத் தப்பா நிறுத்தினது?

– யாரும் இல்லைங்க. செதுக்கின அக்காவே கண்காட்சி தொடங்கின முதல் நாள் வீல் சேர்ல வந்து, பக்கத்துல இருந்து நிறுத்த வச்சாங்க.

– பொய். மரம் தெரிஞ்சவ இப்படி நிறுத்த மாட்டா.

– நானும் கேட்டேங்க. "மரம் தெரிஞ்ச ஒருத்தர் வருவார், தப்பா நிக்குதுன்னு சண்டை பிடிப்பார். அவரே தள்ளிக்கிட்டு என் முன்னாடி வரட்டும்"னு சொன்னாங்க. பெரியவர் சிலைக்கு அடியில பாருங்க ஐயா, அதுக்கு மட்டும் சக்கரம் வச்சிருக்காங்க.