கூலி பத்துதா என்ற கேள்வி

பேருந்து ஜன்னல் வழியே கரும்புச்சக்கை வாசனை வந்ததும் கரும்பாலையில் வேலை பார்த்த என் அப்பாவின் சட்டை நினைவுக்கு வந்தது. முன்னிருக்கையில் கரும்பு வெட்டுபவர் ஒருவரும், மேலாண்மையில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் அவர் மகளும்.

"படிக்கிறதுக்கே சம்பளம் தராங்கன்னு வூரெல்லாம் சொல்லிக்கினு இருந்தேனேம்மா."

"உதவித்தொகை நின்னுபோச்சுப்பா. நாளையிலேர்ந்து ஜவுளிக்கடை வேலைக்குப் போறேன்."

"அப்ப டாக்டர் பட்டம்?"

"அவ்ளோதாம்ப்பா."

கச்சிராயபாளையம் நிறுத்தம் நெருங்கியதும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"உன் ஆராய்ச்சிக்கு வெட்டாளுங்களக் கேள்வி கேட்டுத் தாள்ல எழுதினியே, கூலி பத்துதான்னு. என்னையுங் கேட்ட."

"பத்துதுன்னு சொன்னியேப்பா."

"படிக்கிற புள்ள மூஞ்சியப் பாத்துக்கினு வேற இன்னா சொல்றது?"

வண்டி நின்றது. வெட்டுக்கத்தியோடு இறங்கியவர், ஜன்னலருகே வந்து சொன்னார்:

"அந்தத் தாளக் கிழிச்சிடாதம்மா. பத்தலன்னு மாத்தி எழுதி வெச்சுக்க."