கை இறங்கும் வரை

முதலில் அந்த மின்விசிறியை நிறுத்திவிட்டால் நல்லது. ஒவ்வொரு சுற்றுக்கும் எங்கோ ஒரு இடத்தில் உரசுகிறது. உங்களுக்குப் பழகிப்போயிருக்கும், எனக்குக் காது வலிக்கிறது. தொழில் அப்படி. காட்டில் கேட்கிற ஒலிகளைப் பதிவு செய்து, அவற்றை வைத்துப் படங்களுக்கு இசை அமைக்கிறவன் நான். கல்லும் தண்ணீரும் காற்றும்தான் என் வாத்தியங்கள். வியர்த்தால் துடைத்துக்கொள்ளலாம். நன்றி, இப்போது நிம்மதியாகப் பேசலாம்.

என் தங்கையின் கணவரைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். ஆற்றுப் பள்ளத்தாக்கில் படம் எடுக்கப் போன இடத்தில் வெள்ளம் அடித்துக்கொண்டு போன ஒளிப்பதிவாளர். விபத்து என்று உங்கள் காவல் நிலையம் எழுதி மூடிவிட்டது. அதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் சொன்னதை நம்பினீர்கள். நம்பும்படியாகத்தான் நானும் சொன்னேன். இன்று நானாக வந்து உட்கார்ந்திருப்பதற்கு மனசாட்சி உறுத்தியதுதான் காரணம். அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளையை எனக்குப் பிடிக்கும். தங்கைக்கு அவரைப் பார்த்துக் கட்டிவைத்ததே நான்தான். கலகலப்பான மனிதர். வீட்டுக்குள் அவர் நுழைந்தால் சுவர்கூடச் சிரிக்கும் என்று என் தங்கை சொல்வாள். வாய் ஓயாது. சாப்பிடும்போதும் பேச்சு, பல் தேய்க்கும்போதும் பேச்சு. ஒலிப்பதிவு செய்கிறவனுக்கு இப்படிப்பட்ட ஆளோடு காட்டுக்குப் போவது எவ்வளவு பெரிய தலைவலி என்று யோசித்துப் பாருங்கள். அதற்காகத்தான் எங்களுக்குள் ஒரு வழக்கம் ஏற்படுத்தினேன். நான் வலது கையைத் தூக்கினால் பதிவு ஓடுகிறது என்று அர்த்தம். கை கீழே இறங்கும்வரை யாரும் பேசக் கூடாது, அசையக் கூடாது, எச்சில்கூட விழுங்கக் கூடாது. அவர் நிற்கிற இடத்திலேயே சிலையாகிவிடுவார். கண்ணும் கருத்துமாக என் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒரு தடவை சதுப்பு நிலத்தில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. குளவி ஒன்று அவர் கன்னத்தில் உட்கார்ந்து கொட்டிவிட்டது. மனிதர் அசையவில்லை. கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, கால் ஒரு அங்குலம் நகரவில்லை. நான் கையை இறக்கிய பிறகுதான் ஐயோ என்று உட்கார்ந்தார். அன்று இரவு முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. அந்தக் கதையை வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் அவரே சொல்லுவார். "மச்சான் கை மேல இருக்குன்னா, பாம்பே வந்தாலும் நான் நகர மாட்டேன். கை இறங்கினாத்தான் உயிரே வரும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

எனக்கு அவர்மேல் பொறாமை என்று நீங்கள் நினைக்கலாம். எள்ளளவும் இல்லை. ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டுமல்லவா. எங்கள் படங்களைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் நேராக அவரிடம்தான் போவார்கள். என்ன மாதிரி காட்சி, எப்படி எடுத்தீர்கள் என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். நான் பக்கத்திலேயே நிற்பேன். ஒருவர் என்னிடம் கார் சாவியைக் கொடுத்து, வண்டியை எடுத்துவரச் சொன்னார். பாலைவனப் படத்தில் காற்று அடங்கிப்போகிற இடம் ஒன்று உண்டு. அந்த மௌனத்தை உருவாக்க நான் ஒரு குளிர்காலம் முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டேன். படம் வந்ததும் ஒரு விமர்சகர் எழுதினார்: பாலையின் மௌனத்தைக்கூடப் படம்பிடித்துவிட்ட கேமராக் கண்கள் என்று. மாப்பிள்ளை அந்தப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு என் ஸ்டுடியோவுக்கே வந்தார். "பாத்தீங்களா மச்சான், உங்க வேலையையும் சேத்து என் கணக்குல எழுதிட்டாங்க" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்கு அது வேடிக்கை. நான் கோபப்படவில்லை. அந்தப் பத்திரிகையை எடுத்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இனி பள்ளத்தாக்குக்கு வருகிறேன். நாங்கள் போனது மூன்று பேர். இயக்குநர், மாப்பிள்ளை, நான். இயக்குநர் நல்ல பெண்மணி; மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். படத்தின் கடைசிப் பகுதி முழுக்க அந்த ஆற்றுப் படுகை. வெறும் பாறையும் குட்டை குட்டையாக நிற்கிற தண்ணீரும். அதற்கான இசையை நான் முன்பே முடித்திருந்தேன். கல்லோடு கல்லைத் தட்டி, குகைக்குள் சொட்டுகிற நீரை எடுத்து, பார்த்துப் பார்த்துச் செய்தது. கூடாரத்தில் வைத்து இருவருக்கும் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் இயக்குநர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "தப்பா எடுத்துக்காதீங்க. இந்த இடத்துக்கு மியூசிக்கே வேண்டாம்னு தோணுது. படமே பேசிடும்" என்றார். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று நினைத்தேன். வாய் ஓயாத மனிதர் அல்லவா. அவர், "எனக்கும் அப்படித்தான் படுது மச்சான். சும்மா விட்டுடலாமே" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு நான் ஹெட்போனைச் சுருட்டி வைத்தேன். எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டோம். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

மறுநாள் காலையில் இயக்குநர் பேட்டரி வாங்க ஊருக்குள் போனார். நானும் மாப்பிள்ளையும் படுகைக்கு இறங்கினோம். வானம் பளிச்சென்று இருந்தது. நான் கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றும், மாப்பிள்ளை என் ரெக்கார்டரையும் எடுத்துக்கொண்டு தனியாகப் போனார் என்றும் உங்களிடம் முன்பு சொன்னது பொய். நான் கரையில் இருந்த மேட்டுப் பாறையில் உட்கார்ந்திருந்தேன். அவர் எனக்கு நேர் கீழே, படுகையின் நடுவில், முக்காலியில் கேமராவை வைத்துக்கொண்டு நின்றார். கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

மைக் எங்களோடு இல்லை. இதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். ஆள் மூச்சு விடுவது பதிவில் விழக் கூடாது என்பதற்காக மைக்கை எப்போதும் தள்ளி வைப்பேன். அன்று ஆற்றுக்கு மேற்புறமாக, வளைவுக்கு அப்பால், உயரமான பாறை இடுக்கில் வைத்து, நீளமான கேபிளைக் கரையோரமாக இழுத்து வந்திருந்தேன். அதனால் ஆற்றில் எது வந்தாலும் மற்றவர் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே என் காதுக்கு வந்துவிடும்.

நான் கையைத் தூக்கினேன். அவர் சிலையானார்.

கொஞ்ச நேரத்தில் பறவைகள் நின்றுவிட்டன. பிறகு கல் உருளுகிற சத்தம், தூரத்தில் யாரோ அரிசி களைவதைப் போல. அதற்குப் பின்னால் மிகவும் தாழ்ந்த ஒரு ஒலி. காதில் கேட்பதைவிட நெஞ்சில்தான் முதலில் தெரிந்தது. இத்தனை வருடத்தில் அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. நான் செய்து வைத்திருந்த இசை அதன் கால் தூசிக்குக்கூட வராது. அதை அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டேன். நானும் நியாயமான மனிதன்தான்.

கையை இறக்கியிருக்கலாம். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கரை ஏற அவர் பத்துப் பதினைந்து எட்டு வைத்தால் போதும். நேரம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது, தாராளமாக.

தண்ணீர் முதலில் பாறைகளுக்கு நடுவில் மெல்லிசாகத்தான் வந்தது. அவர் செருப்பு நனைந்தது. கீழே குனிந்து பார்க்காமல் என்னைப் பார்த்தார். புருவத்தைத் தூக்கினார், என்ன மச்சான் என்று கேட்பதைப் போல. நான் தலையை லேசாக அசைத்தேன், ஒன்றுமில்லை என்கிற மாதிரி. கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். அவர் சிரித்தார். முக்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். முழங்கால் வரை வந்த பிறகும் நின்றார். வளைவைத் தாண்டி மரமும் மண்ணுமாக வெள்ளம் திரும்பியபோதுதான் அவர் முகம் மாறியது.

கத்தினாரா என்றால், வாய் திறந்ததைப் பார்த்தேன். என் காதில் ஹெட்போன் இருந்தது. எனக்கு ஆறு மட்டும்தான் கேட்டது. மைக்கும் வெகு தூரத்தில் இருந்ததால் பதிவில் குரல் எதுவும் விழவில்லை. சுத்தமான பதிவு.

திடீரென்று நேர்ந்த தடுமாற்றம் என்று எழுதலாமா என்று வாக்குமூலம் எழுதுகிற இந்தத் தம்பி கேட்கிறார். இரக்கமுள்ள பையன். வேண்டாம், பொய் எழுதி என்ன ஆகப்போகிறது. முதல் நாள் மாலையே வனக்காவலர் என்னிடம் சொல்லியிருந்தார். "மேல மலையில மேகம் இறங்கியிருக்கு சார். நாளைக்கு யாரும் படுகையில இறங்காதீங்க. இங்க வெயில் அடிக்கும், தண்ணி பாட்டுக்கு வந்துடும்." மற்ற இருவரிடமும் சொல்லிவிடுகிறேன் என்று நான்தான் ஏற்றுக்கொண்டேன். சொல்லவில்லை. காலையில் மாப்பிள்ளை மேட்டுப் பாறையிலிருந்தே எடுக்கிறேன் என்றார். நீங்கள் பக்கத்தில் இருந்தால் எனக்கு இடைஞ்சல், நடுவில் போய் நில்லுங்கள் என்றேன். சரி மச்சான் என்று இறங்கிப் போனார். கேபிளை வளைவுக்கு அப்பால் இழுத்துக் கட்டியது அதற்கும் முன்னால். அவ்வளவு தூரம் எதற்கு மச்சான் என்று கேட்டார். நல்லதாக ஏதாவது கிடைக்கும் என்று சொன்னேன்.

பிறகு ரெக்கார்டரை ஓடவிட்டபடியே பாறையில் வைத்துவிட்டுக் கூடாரத்துக்கு நடந்தேன். மற்றது உங்களுக்குத் தெரியும்.

தங்கையைப் பற்றிக் கேட்டீர்கள். உடலைக் கொண்டுவந்த அன்று அவள் என் தோளில்தான் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன், நடிக்கவில்லை. வீட்டில் அந்தக் குரல் இல்லாதது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. சில வாரம் அவளைச் சாப்பிட வைத்ததும் தூங்க வைத்ததும் நான்தான். அப்போதெல்லாம் இங்கே வரவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று கேட்கிறீர்கள். அது நல்ல கேள்விதான், எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

இயக்குநர் படத்தை முடித்தார். கடைசிப் பகுதிக்கு இசை இல்லை. ஆனால் அந்த வெள்ளத்தின் ஒலி முழுவதையும் வைத்துவிட்டார். திரையில் மாப்பிள்ளை முந்தைய நாட்களில் எடுத்த அமைதியான படுகை. காதில் அதை விழுங்க வந்துகொண்டிருக்கிற ஆறு. முதல் திரையிடலில் நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அரங்கில் ஒரு இருமல் இல்லை. என் வாழ்நாளில் முதல் தடவையாக ஆயிரம் பேர் கண்ணை மறந்து காதாகவே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்போது பெயர்கள் ஓடின. ஒளிப்பதிவு என்று அவர் பெயர். அடுத்த வரியில் ஒலிப்பதிவு என்று மறுபடியும் அவர் பெயர்.

ரெக்கார்டரை அவர்தான் எடுத்துப் போனார் என்று நான்தானே சொல்லியிருந்தேன். அவர்கள் அதை நம்பியிருக்கிறார்கள். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். பிறகு விருது வந்தது, சிறந்த ஒலிப்பதிவுக்கு. தங்கை மேடையேறி வாங்கினாள். நேற்று அதை வரவேற்பறை அலமாரியில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, கடைசி நிமிஷம் வரைக்கும் அவர் அசையாம நின்னு கேட்டிருக்கார் பாருங்க. இப்படி ஒரு காது அவருக்கு இருந்ததுன்னு யாருக்குமே தெரியாமப் போச்சு" என்றாள். நான் கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்தேன். தூக்கம் வரவில்லை. விடிந்ததும் இங்கே வந்துவிட்டேன்.

எழுதி முடித்தாயிற்றா. கொடுங்கள், படிக்கிறேன். எச்சரிக்கையை மறைத்தது சரி. படுகையில் நிற்க வைத்தது சரி. கையை இறக்காமல் திட்டமிட்டுக் கொன்றேன் என்பதும் சரி, அதில் ஒரு எழுத்தை மாற்ற வேண்டாம். ஆனால் மைக்கை வைத்தது யார், அந்தப் பதிவைச் செய்தது யார் என்று எங்கேயும் காணவில்லையே. அந்த வரியில் என் பெயரை எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.