இரண்டாவது பத்தி

—அந்த ரெண்டாவது பத்தியை மட்டும் எடுத்துடும்மா. மத்தபடி ரிப்போர்ட் பிரமாதம்.

—ரெண்டாவது பத்திதான் சார் ரிப்போர்ட். முதல் பத்தி முழுக்க, சுகாதார அதிகாரியான உங்க பட்டமும் பதவியும்தான்.

—நக்கலா?

—இல்ல சார், எண்ணிப் பார்த்தேன். ஆறு வரி.

—லேப்ல உக்காந்து இருபது எலியை அறுத்துட்டு...

—இருபதுல பதினொண்ணுக்கு ஒட்டுண்ணி. எல்லாம் புதுக் குடியிருப்புக்குப் பின்னால இருக்கிற வளை எலி. அதைக் கடிக்கிற மணல் ஈ மனுஷனையும் கடிக்கும். கடிச்ச இடம் புண்ணாகி மாசக்கணக்கா ஆறாது.

—திங்கட்கிழமை திறப்பு விழாம்மா! கல்வெட்டுல என் பேரைச் செதுக்கியாச்சு.

—அன்னைக்குத்தான் இருநூறு குடும்பம் குடி வருது சார். கைக்குழந்தைங்களோட.

—சரி சரி... நாளைக்கே எலிக்கு மருந்து வச்சுடறேன். நிம்மதியா?

—ஈக்கு நிம்மதி இல்லையே. எலி செத்தா அது விரதமா இருக்கும்? நேரா உங்க விழா மேடைக்குத்தான்...

—ரொம்பப் பேசற நீ.

—வளையெல்லாம் உழுது மூடணும், சன்னலுக்கு வலை அடிக்கணும். ஒரு மாசம் தள்ளி வைங்க.

—மேலிடத்துல என்னன்னு சொல்றது? எலி ஒத்துழைக்கலன்னா?

—சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க.

—இங்க பாரு. எலிக்கு நோய்னா எலி கவலைப்படட்டும். நோய் வந்த மனுஷன் ஒருத்தனைக் காட்டு, இப்பவே கையெழுத்துப் போடறேன்.

—நிஜமாவா?

—நான் வாக்கு மாறினதா சரித்திரமே கிடையாது.

—ஒருத்தர் இருக்கார் சார். போன வாரம் நீங்க கொடுத்தனுப்பின ஸ்லைடு. புண்ணுல சுரண்டி எடுத்தது. ஒட்டுண்ணி அப்படியே மொய்க்குது. மேல உங்க டிரைவர் பேர் இருந்துச்சு.

—...அவனா? அவன் கண்ட இடத்துல சுத்தறவன். அதை வச்சு...

—பாவமேன்னு நேத்து அவரைக் கூப்பிட்டு ரெண்டு கையையும் காலையும் பார்த்தேன். கொசு கடிச்ச தடம்கூட இல்ல.

—அப்ப ஸ்லைடு மாறிப் போயிருக்கும்.

—மூணு மாசமா அந்தப் புதுக் குடியிருப்பைப் பார்வையிடறேன்னு போய் நின்னது யாருன்னு யோசிச்சேன்...

—கதவைச் சாத்தும்மா.

—சாத்தியாச்சு.

—இது... ஆறுமா?

—ஊசி இருக்கு சார், ஆறிடும். இன்னைக்கே ஆரம்பிச்சுடலாம். எந்தக் கை?

—இடது. முழங்கைக்கு மேல... வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது.

—அப்ப வலது கை நல்லாத்தான் இருக்கு. இந்தாங்க பேனா.