டெல்மர் ஹாஸ்கின்ஸ் காருக்கு வைத்த வால்

மேடையில் வீற்றிருக்கும் ஹார்லன் கிரீக் பழைய கார் சங்கத் தலைவர் கார்டன் ப்ரூயிட் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மறைந்தவரின் தங்கை வெர்னா அம்மையார் அவர்களே, இந்தக் கூடத்தை இன்று நமக்கு விட்டுக்கொடுத்துவிட்டுச் சுவரோரம் சாய்ந்து நிற்கும் தீயணைப்புத் தோழர்களே, சங்கத்துப் பெரியோர்களே, வணக்கம்.

பேச்சைத் தொடங்குமுன் ஒரு துயரச் செய்தியை அவையின் முன் வைக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். காப்பி மேசையில் இருந்த மேப்பிள் டோனட் தட்டு சற்றுமுன் காலியாகிவிட்டது. அதன் இறுதி நேரத்தில் அருகில் இருந்தவன் நான். மேற்கொண்டு விசாரணை வேண்டாம்.

என் பெயர் ட்ரெவர் கின்னி. உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும், மீதிப் பேருக்கு என்மேல் புகார் உண்டு. அப்படிப்பட்டவனை வெர்னா அம்மையார் ஏன் பேச அழைத்தார்? டெல்மர் ஹாஸ்கின்ஸ் அவர்களின் காற்று ஆராய்ச்சியில் அவருக்கு அடுத்த பதவி என்னுடையது. இரண்டே பதவிகள்தான், அது வேறு விஷயம். வாசலில் நிற்கிற ஆரஞ்சு நிறக் காரைப் பார்த்துக்கொண்டேதானே உள்ளே வந்தீர்கள்? எழுபதாம் ஆண்டுப் பிறவி. எட்டு சிலிண்டர், நான்கு கியர். அதை இன்று இங்கே ஓட்டிவந்தவனும் நானே. ராஜா மாதிரி வந்தேன்.

மூன்றாம் நம்பர் பள்ளிப் பேருந்தின் முன்னாள் சாரதி, துருப்பிடித்த கூடாகக் கிடந்த காரைத் தனியாளாக உயிர்ப்பித்த டெல்மர் ஹாஸ்கின்ஸ், போன வாரம் தன் கொட்டகையில், அந்தக் காரின் பக்கத்திலேயே கண்மூடினார். வெர்னா அம்மையார் மறுநாள்தான் பார்த்தார். அந்த இடைப்பட்ட இரவைப் பற்றி நான் பேசப் போவதில்லை. பேசினால் இந்தக் காகிதத்தில் எழுதியிருப்பது எனக்குத் தெரியாமல் போய்விடும்.

அவர் செய்த குற்றம் என்ன? உங்களுக்குத் தெரியும், நானே சொல்லிவிடுகிறேன். அந்தக் கார் மணிக்கு எழுபது மைலைத் தாண்டினால் பின்பக்கம் மிதக்கும். மேலே வழுக்கி ஓடும் காற்று வண்டியின் பின்புறத்தைத் தூக்கும். சக்கரம் சாலையை விட்டுவிட்டு யோசனையில் ஆழ்ந்துவிடும். சங்கத்தில் வந்து சொன்னார். நம் தலைவர் தந்த தீர்வு வரலாற்றில் நிற்கும்: “அப்ப எழுபதுக்கு மேல போகாத, டெல்மர்.” அவர் சொன்ன பதில் அதைவிடச் சின்னது: “ஓடறதுக்குத்தானய்யா பண்ணினாங்க.”

வீட்டுக்குப் போய், காலை உணவு அட்டைப்பெட்டிகளை வெட்டி அளவு பார்த்து, காற்றை மறித்து வண்டியைச் சாலையோடு அழுத்திப் பிடிக்கிற ஸ்பாய்லரை அலுமினியத் தகட்டில் செய்தார். முன்பக்கத்துக்குக் கீழே ஒரு தாடை, பின்பக்கத்துக்கு மேலே ஒரு வால். வாலைப் பொருத்த டிக்கி மூடியில் துளை போட்டார். தொழிற்சாலையில் போட்ட அசல் மூடி. அதில் துளை!

கண்காட்சியில் நடுவர்கள் அவர் மதிப்பெண்ணை வெட்டினார்கள். அசலை மாற்றினால் வெட்டு, அது விதி, அதில் எனக்கு வழக்கில்லை. அதற்குப் பிறகு நடந்ததற்கு என்ன விதி? நாம் எல்லோரும் கார்களுக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு வரிசையாக உட்காருகிறோம் இல்லையா, அந்த வரிசை நகர்ந்தது. யாரும் அவரை விரட்டவில்லை. நாற்காலிகள்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போயின. கடைசியில் தற்காலிகக் கழிப்பறைகளுக்குப் பக்கத்தில் அவரும் காரும் மட்டும். அங்கேயும் அவர் இரண்டு நாற்காலிகள் போட்டார். இரண்டாவதில் அவருடைய சட்டை உட்கார்ந்திருந்தது.

அந்த மூலைக்கு நான் போனதே குறும்புக்காகத்தான். அவர் காப்பி வாங்கப் போன நேரத்தில் அலங்காரத்துக்குத் தொங்கவிடுகிற ஒரு நரிவாலை ஸ்பாய்லரில் கட்டிவிட்டு ஓடிவிட்டேன். வாலுக்கு வால் வைத்தேன் என்று ஒரு வாரம் பீற்றிக்கொண்டேன். அடுத்த வாரம் பெட்ரோல் நிலையத்தில் பிடித்துக்கொண்டார். திட்டுவார் என்று நான் இரண்டு பொய்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

“நரிவால் கட்டினது நீதானே?”

“எந்த நரி, சார்?”

“பின்னால வந்த பால் லாரிக்காரன் சொன்னான், அறுபதுல அந்த வால் செங்குத்தா நின்னுச்சாம். அப்படின்னா காத்து அங்க சுழலுது. வாலு, உங்கம்மா வேன நீ ஓட்டுவியா?”

அப்படித்தான் என் ஆராய்ச்சி வாழ்க்கை தொடங்கியது. பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானங்கள் இறங்கிய பழைய ஓடுதளத்துக்கு ஞாயிறுதோறும் போவோம். கம்பளி நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, காரின் கூரையிலிருந்து ஸ்பாய்லர் வரை ஒட்டுவார். காற்று ஒழுங்காகப் போனால் நூல் படுத்துக்கொள்ளும். சுழன்றால் நூல் பேயாட்டம் போடும். அந்த வேகத்தில் ஓட்டுகிறவரால் சாலையை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பக்கத்திலேயே ஒருவர் வந்தால்தான் தெரியும். நான் வேனில் காரையொட்டியே வருவேன். நூல் படுத்தால் ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையைத் தட்டையாகக் காட்டுவேன். ஆடினால் விரலைச் சுழற்றுவேன்.

ஒருநாள் எனக்குச் சோம்பல். போனை ஒட்டிவைத்துப் படமெடுத்துக்கொள்ளுங்களேன் என்றேன். அவர் நூலை வெட்டிக்கொண்டே சொன்னார்:

“போன் பாக்கும்டா. பாத்துட்டு, ஆமான்னு சொல்லாதுல்ல.”

அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை. டிக்கியில் துளை போட்ட மனிதருக்கு நாம் என்ன தண்டனை கொடுத்தோம் தெரியுமா? ‘ஆமா’ என்று சொல்ல ஆளில்லாமல் செய்தோம். கூட வருவதற்கு இந்த ஊரில் அவருக்குக் கிடைத்தது ஒரு நரிவால் திருடன்தான். ஆம், அந்த வால் என் அக்காவுடையது. அது தனி வழக்கு.

சற்றுமுன் நம் தலைவர் பேசினார். நல்ல மனதோடுதான் பேசினார். சங்கத்துக் கார்களெல்லாம் வரிசையாகப் போகும் நாளைய இலையுதிர்கால ஓட்டத்தில் டெல்மரின் கார் முதலில் போகட்டும், அதற்கு முன் ஸ்பாய்லரைக் கழற்றி, துளைகளை அடைத்து, அசல் உருவத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றார். என் பேச்சு முடிந்ததும் கைதூக்கி முடிவு செய்யப் போகிறீர்கள். பெரியோர்களே, அசல் எது? அந்தத் துளைகளை அடைத்தால் அந்தக் காரில் டெல்மர் ஹாஸ்கின்ஸ் எங்கே இருப்பார்? தொழிற்சாலை செய்த கார் ஆயிரக்கணக்கில் இருக்கும். பின்புறம் மிதக்கிறதே என்று கவலைப்பட்டவர் செய்தது அது ஒன்றுதானே?

இன்னொன்று. சாவதற்கு முன் அவர் ஸ்பாய்லரின் சாய்வைச் சற்று உயர்த்தியிருக்கிறார். புது நூல் ஒட்டியிருக்கிறார். வெளியே போய்ப் பாருங்கள், சிவப்பு நூல், காரெங்கும். அந்தச் சாய்வு சரியா என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அந்த வேலை பாதியில் நிற்கிறது. நாளை வரிசை புறப்படுமுன் அந்தக் காரை ஓடுதளத்தில் எழுபதுக்கு மேல் ஓடவைத்து, நூலைப் பார்த்து, அவர் கேட்க நினைத்ததற்குப் பதில் சொல்வேன். இது அவர் பெயரால் நான் எடுக்கும் உறுதி.

இங்கே இறங்கிவிட்டால் கம்பீரமாக இருக்கும். ஆனால் வெர்னா அம்மையார் முன்வரிசையிலிருந்து என்னையே பார்க்கிறார்.

சரி. நான் அந்தக் காரை ஓட்டிவரவில்லை. எனக்கு அம்மாவின் வேன்தான் தெரியும், அதில் கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறிக்கொள்ளும். இன்று காலை கொட்டகை வாசலில் முயன்றபோதெல்லாம் வண்டி ஒரு இருமல் இருமிவிட்டு நின்றது. கடைசியில் வெர்னா அம்மையார்தான் தன் பண்ணை டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துவந்தார். ராஜா மாதிரி வந்தேன் என்றேனே, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நியூட்ரலில் உட்கார்ந்திருந்தேன். வழியெல்லாம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த வேகத்தில் ஒரு நூல்கூட அசையவில்லை.

ஆகவே கார்டன் சார், நாலு கியர் தெரிந்த மற்ற பெரியவர்களே, கை தூக்கும்போது இதற்கும் சேர்த்துத் தூக்குங்கள். சாவியைக் காலி டோனட் தட்டில் வைத்திருக்கிறேன். பார்க்கிற வேலை எனக்குத் தெரியும், வேனில் பக்கத்திலேயே வருவேன்.

ஓட்டத்தான் ஆள் இல்லை.