சங்கத்து ஜீப்பை உயர்த்திய விதம்

இரண்டு அங்குலம் என்பது பெரிய உயரமில்லை. ஒரு நெருப்புப்பெட்டியை நெடுக்காக நிறுத்திப் பாருங்கள், அவ்வளவுதான். அவசரமில்லாமல் ஆறுதலாகவே சொல்கிறேன் ஐயா, நீங்களும் என் வாக்குமூலத்தை ஆறுதலாக எழுதலாம். இந்த முகாமில் எனக்கு வேறு வேலை இல்லை.

இலுப்பைக்கடவையில் கூட்டுறவுச் சங்கத்து ஜீப்பை ஓட்டியதும் திருத்தியதும் நான்தான். நோயாளரை ஏற்றுகிற ஜீப் அது. போன மாரியில் றோசம்மாவைப் பிள்ளைப்பேற்றுக்குக் கொண்டுபோகும்போது, உழவு இயந்திரங்கள் கிழித்த தடத்தில் ஜீப்பின் வயிறு மண்ணில் இருந்துவிட்டது. நாலு சில்லும் சும்மா சுற்றின. பிள்ளை ஜீப்புக்குள்ளேயே பிறந்தது. சுகமாகத்தான் பிறந்தது. ஆனால் வயிறு உரசின அந்தச் சத்தம் என் பல்லுக்குள் நின்றுவிட்டது.

உயர்த்துவதென்று முடிவெடுத்தேன். மூன்று அங்குலம் கூடாது. பிறேக் குழாய் இழுபடும், வளைவில் கவிழப் பார்க்கும். அச்சுக்கும் ஸ்பிறிங்குக்கும் நடுவில் பாலைமரக் கட்டை வைக்கச் சொன்னவர்களும் உண்டு. ஓடும்போது கட்டை கழன்றால் உள்ளே இருக்கிறவர்களின் கதி என்ன? நான் அப்படியான ஆளில்லை. நாலு ஸ்பிறிங்குக்கும் ஒவ்வொரு தகடு கூட்டிப் போடுவதுதான் ஒழுங்கான முறை.

தகடு வாங்க வழியில்லை. சோதனைச் சாவடியைத் தாண்டி ஒரு ஆணிகூட எங்கள் பக்கம் வராத காலம். அயலவர் நல்லையாவின் லொறி மட்டும் கிறீஸ் பூச என்னிடம் நின்றது. ஷெல்லடி தொடங்கினால் எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதும் அதில் ஏறுவதென்று ஏற்கனவே கதைத்து வைத்திருந்தார்கள். அதன் பின்பக்க ஸ்பிறிங்குகளில் பக்கத்துக்குப் பதினொரு தகடு. நான் பக்கத்துக்கு இரண்டுதான் எடுத்தேன். அதைக் களவு என்று எழுதுவதானால், மிச்சம் ஒன்பதை விட்டதற்கும் ஒரு பெயர் எழுத வேண்டும்.

மூன்று நாள் அரத்தால் ராவி, அகலத்தைக் குறைத்துப் பூட்டினேன். நல்லையா வந்து குனிந்து பார்த்தார்.

"அச்சு நடுவில தொங்கிற பல்சில்லுப் பெட்டி பழைய உயரத்திலதானே நிக்குது, அமிர்தண்ணை. உடம்பு மட்டுந்தானே ஏறியிருக்கு?"

"உடம்புக்குத்தானே உசத்தினது," என்றேன்.

சில்லுக்கு மேலே வளைந்த மட்காட்டுக்கும் சில்லுக்கும் இடையில் ஏழரை அங்குலம் வந்தது. முதல் நோயாளி ஏறியதும் ஏழேகாலாகிவிட்டது. பார்க்க மனம் ஒருமாதிரிப் போயிற்று. அந்தக் கிழமை மூட்டை முடிச்சுகளை மறித்தேன். பிறகு துணைக்கு வருகிறவர்களை. பிறகு நடக்கக்கூடிய நோயாளரை. நடக்கக்கூடியவருக்கு ஜீப் எதற்கு?

"ஆக்களை ஏத்தாத ஜீப்பை என்னத்துக்கு உசத்தினனீங்கள்?" என்று என் மனைவி எடித் கேட்டாள்.

"ஏத்தினா பதிஞ்சுபோம்."

அவள் எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். விளங்கியிருக்கும் என்று நினைத்தேன்.

தை மாதம் ஒரு காலையில் ஷெல் விழத் தொடங்கியது. நாற்பத்தொரு பேர், நெல்மூட்டைகள், ஆடுகள், ஒரு தையல் மெசின் எல்லாம் நல்லையாவின் லொறியில் ஏறின. எடித்தும் அதில்தான் ஏறினாள். நான் ஜீப்பில் தனியே பின்னால் போனேன். வெள்ளாங்குளத்துக்கு இப்பால் ஒரு மதகில் லொறியின் பின் ஸ்பிறிங் முறிந்து, பெட்டி ஒரு பக்கமாகச் சரிந்தது. விழுந்த லெட்சுமணனின் தொடையை இரும்பு விளிம்பு கிழித்துவிட்டது. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய மனிதர். என் கிணற்றை வெட்டித் தந்தவர்.

நல்லையா ஓடிவந்தார். "அண்ணை, இவரை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. ரத்தம் நிக்குதில்லை."

"ஓம், ஏத்துங்கோ," என்றேன். நான் மறுக்கவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஏற்றினார்கள். நான் இறங்கி நாடாவால் அளந்தேன். ஏழு. பொறுத்துக்கொண்டேன். அவர் மனைவி பாலம்மா காயத்தைச் சீலைத்துணியால் அமர்த்திப் பிடித்தபடி ஏறினாள். ஆறே முக்கால். முன்னால் வெள்ளம் நின்ற தடம். ஆறே முக்காலோடு அதில் இறங்குவது பொறுப்பில்லாத வேலை.

"பாலம்மா, நீங்கள் இறங்கி நடந்து வாங்கோ."

"கைய எடுத்தா ரத்தம் பாயுதுங்க."

"அப்ப ரெண்டு பேரும் இறங்குங்கோ," என்றேன். புருசனையும் பெண்சாதியையும் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

லெட்சுமணனை நானே தூக்கி இறக்கினேன். தலைக்குச் சாக்கு மடித்து வைத்தேன். நல்லையா என் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பக்கத்து வயலில் ஒரு ஷெல் விழ, எல்லாரும் நிலத்தோடு படுத்துவிட்டார்கள். நான் புறப்பட்டேன். எடித் எழும்பிக் கையை உயர்த்தியது கண்ணாடியில் தெரிந்தது. வழியனுப்பினாள் என்று நினைக்கிறேன்.

சும்மா போகவில்லை ஐயா. நாற்பது நிமிடத்தில் ஆசுப்பத்திரிக்குப் போய், தாதி அன்ரோனெற்றிடம் தகவல் சொன்னேன்.

"காயக்காரர் ஒராள் வாறார். கட்டிலை ஆயத்தப்படுத்துங்கோ."

அவள் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தாள். "எங்க ஆள்?"

"பின்னால வாறார்."

நல்ல பிள்ளை. போய்க் கட்டிலுக்கு வெள்ளைத்துணி விரித்தாள். லெட்சுமணன் ஐந்து மணித்தியாலத்துக்குப் பிறகு தள்ளுவண்டியில் வந்தார். கட்டில் தேவைப்படவில்லை.

அடக்கத்தன்று நல்லையா என் தோளில் சாய்ந்து அழுதார். "நான்தான் அளவுக்கு மிஞ்சி ஏத்திப்போட்டன், அண்ணை. நான்தான் கொன்றனான்."

"மனதை விடாதேயுங்கோ," என்று தேற்றினேன். "வேணுமெண்டு செய்யேல்லைதானே." தகடுகளைப்பற்றிச் சொல்லி அந்த நேரத்தில் அவரைக் குழப்ப நான் விரும்பவில்லை. எடித் இப்போது பாலம்மாவின் கொட்டிலில்தான் இருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கும் ஒரு துணை வேண்டும்தானே.

ஆகவே எழுதுங்கள். தகட்டைக் கழற்றியது நான். லெட்சுமணனை ஏற்றி, அளந்து, இறக்கிவிட்டு, வெறும் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனதும் நான். அன்றைக்கு முழுப் பாதையிலும் வயிறு ஒருதரம்கூட உரசவில்லை. வெளியேதான் நிற்கிறது, நீங்களே குனிந்து பார்க்கலாம். பார்க்கும்போது மட்காட்டில் மட்டும் கையை ஊன்ற வேண்டாம்.